தேசிய ஈவென்டிங் சாம்பியன்ஷிப்: தகுதி கிடைத்துவிட்டது, போகலாமா?

ஈவென்டிங் என்றால் ஒரே குதிரையும் சவாரிக்காரரும் சேர்ந்து மூன்று சோதனைகளைக் கடப்பது: களத்தில் கட்டளைக்குப் பணிந்து நடக்கும் டிரெஸ்ஸாஜ், திறந்தவெளியில் நிலையான தடைகளைத் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி, விழக்கூடிய கம்புகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங். அதன் தேசிய சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெற்றுவிட்டதாகச் செய்தி வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்யும் காரியம், தங்குவதற்கு அறை பிடிப்பது. நானும் அதைத்தான் செய்தேன். அறை, டிரெய்லர், புதிய சேணத் துணி என்று எல்லாம் ஒரே வாரத்தில் தயாராகிவிட்டன. குதிரையைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே எனக்குத் தோன்றவில்லை. வீட்டு லாயத்தில் அவள் மினுமினுவென்று நின்றுகொண்டிருந்தாள்.

பதினான்கு மணி நேரச் சாலைப் பயணத்துக்குப் பிறகு மாலை ஆறு மணிக்கு அவளை இறக்கினேன். தண்ணீர் வாளியின் உள்பக்கம் கறுப்பு நாடா ஒட்டி, அந்தக் கோடுவரை நிரப்பி வைத்தேன். இரவு பத்து மணிக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் அதே கோட்டில் நின்றது. இரண்டு புல் துணுக்குகள் மிதந்தன, அவ்வளவுதான். காலையில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு உடனே விழாமல் ஒரு கணம் அப்படியே நின்றது. வெப்பமானி 38.8 காட்டியது. போட்டி மைதானத்து மருத்துவர் வந்து திரவம் ஏற்றினார். அவள் தேறிவிட்டாள். ஆனால் டிரெஸ்ஸாஜ் களத்துக்குள் நாங்கள் காலடி வைக்கவே இல்லை. மூன்று நாள் கழித்து அதே பதினான்கு மணி நேரத்தை மறுபடி ஓட்டிக்கொண்டு திரும்பினேன்.

வீட்டில் நின்ற குதிரையை வைத்து நான் முடிவெடுத்தேன். போட்டிக்கு வந்ததோ, பாதி நாளுக்கு மேல் ஆடுகிற தரையில் நின்றுகொண்டே வந்த வேறொரு குதிரை. முதல்முறை தகுதி பெற்றவர்களுக்கு என் யோசனையெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது: டிரெய்லரிலிருந்து இறங்கப்போகும் அந்தக் குதிரையை மனதில் நிறுத்திக்கொண்டு முடிவெடுங்கள்.

முதல் படி: விதிகளைப் படியுங்கள், பெருமைப்படுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்

போட்டி அறிவிப்பையும் உங்கள் சம்மேளனத்தின் விதிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நான்கு விஷயங்களுக்கு விடை தேடுங்கள். தகுதி யாருக்கு: உங்களுக்கா, குதிரைக்கா, இருவரும் சேர்ந்த ஜோடிக்கா? பல போட்டிகளில் ஜோடிக்குத்தான். குதிரை நொண்டினால் வேறொரு குதிரையில் ஏறிப் போய்விடலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது. பதிவு எப்போது முடிகிறது? எந்தத் தேதிவரை விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்? மருத்துவரின் சான்றிதழ் இருந்தால் அதற்குப் பிறகும் ஏதாவது திரும்பி வருமா? இந்தத் தேதிகளை நாட்காட்டியில் சிவப்பில் குறியுங்கள். பின்னால் தேவைப்படும்.

தகுதி என்பது குறைந்தபட்சம். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் தகுதி விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரெஸ்ஸாஜில் 55 சதவீதம், கிராஸ் கன்ட்ரியில் தடைகளில் மறுப்பு (குதிரை தாண்டாமல் நிற்பது அல்லது விலகி ஓடுவது) இல்லாத ஓட்டம், நேரத்தில் 75 வினாடிவரை தாமதம், ஷோ ஜம்பிங்கில் தடைகளுக்கு 16 புள்ளிவரை தண்டம். இதற்குள் வந்தால் ஒரு சுற்றைத் தகுதிச் சுற்றாக எடுத்துக்கொள்வார்கள். 75 வினாடி தாமதமாக வந்தவரும் நான்கு கம்புகளைத் தட்டியவரும் தகுதி பெற்றவர்களே. அடுத்த கட்டத்தில் பாதுகாப்பாகச் சுற்றி வர முடியும் என்று நம்பக் குறைந்தபட்சக் காரணம் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது.

இரண்டாம் படி: கடைசி ஐந்து போட்டிகளின் மதிப்பெண் தாள்கள்

எத்தனையாவது இடம் பிடித்தீர்கள் என்பதை மறந்துவிடுங்கள். அது அன்றைக்கு வேறு யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. எண்களைப் பாருங்கள்.

ஈவென்டிங்கில் எல்லாமே தண்டப் புள்ளிதான், குறைந்தவர் வெல்கிறார். டிரெஸ்ஸாஜில் 68 சதவீதம் எடுத்தால் உங்கள் கணக்கு 32 புள்ளியில் தொடங்குகிறது. கிராஸ் கன்ட்ரியில் முதல் மறுப்புக்கு 20, அதே தடையில் இரண்டாவது மறுப்புக்கு 40 என்று சேரும். உத்தம நேரத்தை, அதாவது பாதையை முடிக்கக் குறித்துக் கொடுத்த நேரத்தை, தாண்டினால் வினாடிக்கு 0.4. ஷோ ஜம்பிங்கில் விழும் ஒவ்வொரு கம்புக்கும் 4. இந்த எண்களை ஒன்றோடொன்று மாற்றிப் பார்த்தால் விளையாட்டின் குணம் புரியும். ஒரு மறுப்பு ஐந்து கம்புகளுக்குச் சமம், ஐம்பது வினாடித் தாமதத்துக்கும் சமம். டிரெஸ்ஸாஜில் இரண்டு சதவீதம் ஏற்றப் பாடுபட்டு மாதங்களைச் செலவழிப்பவர்கள், குதிரை நீர்த்தடை முன் ஒருமுறை தயங்கியதைச் சுலபமாக மறந்துவிடுகிறார்கள்.

மேல்மட்டத்திலும் இதே கணக்குதான். 2012இலும் 2016இலும் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வென்ற மிக்கேல் யுங், டோக்கியோ போட்டியின் கிராஸ் கன்ட்ரியில் ஒரே ஒரு தடையில், குதிரை பலமாக இடித்தால் தடையைச் சரியவிடும் பாதுகாப்பு முள் இயங்கியதால் 11 புள்ளி தண்டம் பெற்றார். தனிநபர் பதக்கம் போயிற்று. மூன்றாவது தனிநபர் தங்கத்துக்கு 2024 பாரிஸ்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே தாள்களில் நீங்கள் தேட வேண்டியது திரும்பத் திரும்ப வரும் ஒரே தவறு. ஐந்து போட்டிகளில் மூன்று முறை குதிரை நின்றிருக்கிறதா? மூன்றும் தண்ணீரிலா, பள்ளத்திலா, குறுகலான தடையிலா? அப்படியென்றால் அது தற்செயல் கிடையாது. தேசிய சாம்பியன்ஷிப்பின் பாதை வடிவமைப்பாளர் அந்தக் கட்டத்துக்கு விதி அனுமதிக்கும் எல்லையை ஒட்டித்தான் பெரும்பாலும் கட்டுவார். உங்கள் உள்ளூர்ப் போட்டியில் ஓரமாக ஒருமுறை வந்த கேள்வி, அதாவது தடை வைக்கும் சோதனை, அங்கே நடுவில் வந்து நிற்கும். இரண்டு மூன்று கேள்விகள் ஒரே கோர்வையாகவும் வரும். மேடு பள்ளமும் கூட்டமும் கொடிகளும் ஒலிபெருக்கியும் இதற்கு மேல்.

என் சொந்த அளவுகோல் இது. கடைசி நான்கு கிராஸ் கன்ட்ரி ஓட்டங்களில் மூன்றில் தடைத் தண்டம் எதுவும் இல்லாமலும், ஓட்டம் முடிந்ததும் குதிரை இன்னும் ஓடத் தயாராகவும் இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு பார்வையாளராகப் போங்கள். அதற்கும் ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: குதிரையின் உடலை எண்களில் எழுதுங்கள்

"நன்றாகத்தான் இருக்கிறான்" என்பது மதிப்பீடு ஆகாது. இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். காலையும் மாலையும் மலவாய் வெப்பநிலை. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 பாகைவரை இயல்பு. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. எத்தனை வாளி தண்ணீர் குடித்தது, தீனியில் எவ்வளவு மிச்சம் வைத்தது, நான்கு கால்களையும் தடவும்போது எங்கே சூடு, எங்கே வீக்கம். இரண்டு வாரம் எழுதினால் உங்கள் குதிரைக்கு எது இயல்பு என்று தெரிந்துவிடும். என் குதிரைக்குக் காலை வெப்பநிலை எப்போதும் 37.6ஐ ஒட்டியே இருக்கும். அதனால் 38.3 என்பது புத்தகப்படி இயல்பானாலும் எனக்கு எச்சரிக்கை மணி.

உடல்தகுதிக்கு எளிய சோதனை, கடினமான பாய்ச்சல் பயிற்சிக்குப் பிறகு துடிப்பு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்பது. பத்துப் பதினைந்து நிமிடங்களில் 64க்குக் கீழே வந்துவிட வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வாரந்தோறும் ஒரே பயிற்சி, ஒரே தரை, ஒரே கைக்கடிகாரம். இறங்கும் நேரம் கூடிக்கொண்டே போனால் ஏதோ சரியில்லை.

புறப்படும் நாளுக்கு ஐந்தாறு வாரம் முன்பே கால்நடை மருத்துவரை அழைத்துக் கடினத் தரையிலும் மென்தரையிலும் குதிரையை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முந்தின வாரம் அழைப்பதில் பயனில்லை. அப்போது கண்டுபிடிக்கிற குறையைச் சரிசெய்ய நேரம் இருக்காது. மறைக்கத்தான் ஆசை வரும். வலி மருந்துகள் பெரும்பாலானவை போட்டியின்போது தடைசெய்யப்பட்டவை, உடலில் தங்கும் காலம் மருந்துக்கு மருந்து மாறும். லாடம் அடிப்பதையும் கடைசி நாள்வரை தள்ளாதீர்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன் முடித்துவிட்டால், ஆணி எங்காவது உறுத்தினாலும் தெரிந்துகொள்ள அவகாசம் கிடைக்கும்.

நான்காம் படி: சாலை

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும்.

குதிரை வண்டியில் சும்மா நின்றுகொண்டு வருகிறது என்று நினைப்போம். அது சும்மா நிற்பதே இல்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிரேக்குக்கும் நான்கு கால்களிலும் எடையை மாற்றி மாற்றித் தாங்கிக்கொண்டு வருகிறது. கூடவே தீனி குறைகிறது, தண்ணீர் குறைகிறது, வியர்வை போகிறது. நீண்ட பயணத்தில் உடல் எடையில் சில சதவீதம் இறங்கிவிடுவது சாதாரணம். 500 கிலோ குதிரை பத்துப் பதினைந்து கிலோவை இழந்து இறங்கினால் அதில் பெரும்பங்கு தண்ணீர்.

இதைவிட ஆபத்தானது நுரையீரல். மேயும் குதிரை நாளெல்லாம் தலையைத் தாழ்த்தி வைத்திருக்கும். மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் அப்படித்தான் வெளியேறுகின்றன. வண்டியில் தலையை உயரத்தில் கட்டிவிட்டால் அந்த வடிகால் அடைபடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கீழ் மூச்சுப்பாதையில் கிருமிகள் பெருகத் தொடங்கிவிடுகின்றன. பயணக் காய்ச்சல் என்று குதிரைக்காரர்கள் சொல்வது இதன் தொடர்ச்சிதான். முற்றினால் நுரையீரலிலும் அதைச் சுற்றியுள்ள உறையிலும் சீழ் பிடிக்கும் நோயாகி உயிரையே எடுக்கும். இறங்கிய அன்றே தெரியவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட, அதாவது சரியாக உங்கள் கிராஸ் கன்ட்ரி நாளன்று, காய்ச்சல் தலைகாட்டலாம்.

அதனால் பயண நேரத்தை வரைபடத்தில் பார்த்து நம்பாதீர்கள். செயலி ஒன்பது மணி நேரம் என்று சொன்னால் குதிரையோடு அது பன்னிரண்டு. டிரெய்லர் மெதுவாகத்தான் போகும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்த விட வேண்டும். நிறுத்தம் ஒவ்வொன்றும் அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். புல் வலையை மூக்குக்கு நேரே தொங்கவிட்டால் தூசி நேராக உள்ளே போகும். புல்லை நனைத்து, பாதுகாப்பு அனுமதிக்கும் அளவுக்குத் தாழ்வாகக் கட்டுங்கள். குளிர்கிறதே என்று ஜன்னல்களை அடைப்பது மனிதர்களின் தவறு. குதிரைக்குப் போர்வை போடலாம், காற்றை அடைக்கக் கூடாது.

என் கணக்கில் எட்டு மணி நேரம்வரை ஒரே நாளில் போகலாம், மறுநாள் முழு ஓய்வு. பன்னிரண்டைத் தாண்டினால் வழியில் ஓர் இரவு லாயம் பிடித்துத் தங்குங்கள், அல்லது போட்டிக்கு மூன்று நாள் முன்பே போய்ச் சேருங்கள். இந்தக் கூடுதல் நாட்கள் உங்களால் முடியாதென்றால், விடுப்பு கிடைக்காதென்றால், அதுவே "போக வேண்டாம்" என்பதற்குப் போதுமான காரணம். இரவெல்லாம் ஓட்டிப் போய் மறுநாள் காலை களமிறங்கிய கதைகளை லாயங்களில் பெருமையாகச் சொல்வார்கள். குதிரையின் பக்கக் கதையை அங்கே யாரும் சொல்வதில்லை.

இப்போது ஒத்திகை. இதை மட்டும் தவிர்க்காதீர்கள். சாம்பியன்ஷிப்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு, முக்கியமில்லாத ஒரு போட்டியை அல்லது நண்பரின் லாயத்தைத் தேர்ந்தெடுங்கள். நீண்ட பயணத்தில் பாதி தூரமாவது இருக்கட்டும். அதே வண்டி, அதே கட்டும் முறை, அதே ஓட்டுநர். போய் ஓர் இரவு தங்குங்கள். வாளியில் கோடு போட்டு எவ்வளவு குடிக்கிறது என்று எழுதுங்கள். சாதாரணமாக ஒரு குதிரைக்கு நாளைக்கு 25 லிட்டராவது வேண்டும், வெயிலில் அதைவிட அதிகம். புது இடத்தில் இரவில் படுக்கிறதா, நின்றுகொண்டே இருக்கிறதா? காலையில் உடலில் மரத்தூள் ஒட்டியிருந்தால் படுத்திருக்கிறது. மறுநாள் ஏறி, ஒரு டிரெஸ்ஸாஜ் சோதனையை முழுதாகச் செய்யுங்கள். அப்போது உங்கள் காலடியில் இருக்கிற குதிரைதான் சாம்பியன்ஷிப்புக்குப் போகப்போவது.

என் குதிரை புதிய இடத்துத் தண்ணீரைக் குடிக்க மறுப்பவள் என்பது ஒரே ஓர் ஒத்திகையில் தெரிந்திருக்கும். மருந்து மிக எளிது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலந்து பழக்கினால், புது ஊர்த் தண்ணீருக்கும் அதே வாசம் வந்துவிடும். அடுத்த முறை அப்படித்தான் செய்தேன். இறங்கிய ஒரு மணி நேரத்தில் வாளி காலி.

ஐந்தாம் படி: வானிலையும் தரையும்

போட்டி நடக்கும் இடத்தின் அந்த மாதத்துச் சராசரியை உங்கள் ஊரோடு ஒப்பிடுங்கள். வெப்பத்தை மட்டும் பார்க்காமல் ஈரப்பதத்தையும் பாருங்கள். குதிரை வியர்த்துத்தான் குளிர்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது. இதனால்தான் வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்க் கோளக் குறியீட்டைப் பெரிய போட்டிகளில் பயன்படுத்துகிறார்கள். அது 28 பாகைக்குக் கீழே இருக்கும்வரை பெரிய கவலையில்லை. 30ஐத் தாண்டினால் பாதையைச் சுருக்குவதும் ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்றுவதும் பேச்சுக்கு வரும். குளிர்ந்த பகுதியிலிருந்து போகும் குதிரைக்கு வெயில் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்கள் ஊரில் அந்தப் பழக்கத்துக்கு வழியில்லையென்றால் அதையும் எடைபோடுங்கள்.

வெந்து வந்த குதிரையைக் குளிர்விப்பதில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் உலவுகிறது: குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும், ஊற்றியதை உடனே வழித்துவிட வேண்டும் என்று. 1996 அட்லான்டா ஒலிம்பிக்கையொட்டி நடந்த ஆய்வுகளே முதல் பயத்தைத் தீர்த்துவிட்டன. வழிக்க நிற்காமல் ஏராளமான குளிர்நீரைத் தொடர்ந்து உடல் முழுவதும் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் வேகமான வழி. அதற்குப் போதுமான தண்ணீரும் ஐஸும் கைகளும் முடிவுக்கோட்டருகே கிடைக்குமா என்று அமைப்பாளர்களிடம் கேளுங்கள்.

தரையைப் பற்றி ஒரு வரி: மணலில் மட்டும் பழகிய குதிரை புல்தரைச் சரிவில் வேறு மாதிரி ஓடும், ஒத்திகை அங்கேயும் தேவை.

ஆறாம் படி: பணம்

நுழைவுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானே" என்பவர்கள் உண்டு. மொத்தச் செலவில் அது பெரும்பாலும் சின்னப் பங்கு. லாய வாடகை, மரத்தூள், எரிபொருள், சுங்கம், வழித் தங்கல், உங்கள் தங்கல், பயிற்சியாளரின் நாள்கூலி, பராமரிப்பாளரின் கூலியும் சாப்பாடும், பயணத்துக்கு முந்தைய மருத்துவச் சோதனை, லாடம், சான்றிதழ்கள், வேலையில் இழக்கும் சம்பளம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். கூட்டிய தொகையில் கால்பங்கை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். டயர் வெடிக்கும், மழையில் வண்டி சேற்றில் புதையும், மருத்துவர் இரவில் வருவார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்ற பழமொழியைச் சொன்னவர் போட்டிக்குப் போய்த் திரும்பியவராகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அந்தத் தொகையைப் பார்த்துக் கேளுங்கள்: இரண்டாம் நாள் காலை, ஆறாவது தடையில் நாங்கள் வெளியேற்றப்பட்டால் இந்தச் செலவுக்காக எத்தனை மாதம் வருந்துவேன்? கிராஸ் கன்ட்ரியில் நீங்கள் விழுந்தாலே போதும், போட்டி முடிந்தது. இந்தக் கேள்விக்குத் தோள் குலுக்க முடிந்தால் போகலாம். அந்த எண் கையைக் கடிக்கும் என்றால் இன்னொரு விபரீதமும் நடக்கும்: இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்பதற்காகவே, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் குதிரையை உள்ளே ஓட்டிவிடுவோம். நான் பார்த்த மோசமான முடிவுகள் பல பணத்திலிருந்துதான் தொடங்கின.

ஏழாம் படி: யார் கூட வருகிறார்கள்?

தனியாகப் போகாதீர்கள். மாற்றி ஓட்ட ஒருவர் வேண்டும். நீங்கள் பாதையை நடந்து பார்க்கும்போது குதிரையைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும். கிராஸ் கன்ட்ரிப் பாதையை இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பயிற்சியாளர் வருவது நல்லது, ஆனால் வேறு ஐந்து மாணவர்களோடு வருகிறார் என்றால் உங்களுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று முன்பே கேட்டுவிடுங்கள், சங்கடப்படாதீர்கள்.

எட்டாம் படி: எதற்காகப் போகிறீர்கள்?

இந்த விளையாட்டு ராணுவத்தில் பிறந்தது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அது முதன்முதலில் நடந்தபோது களமிறங்கியவர்கள் ராணுவ அதிகாரிகள்தான். அணிவகுப்பில் கீழ்ப்படிவதற்கு டிரெஸ்ஸாஜ், களத்தில் தைரியத்துக்கும் வேகத்துக்கும் கிராஸ் கன்ட்ரி, அவ்வளவு உழைத்த பிறகும் பணிக்குத் தகுதியாக நிற்கிறதா என்று பார்க்கக் கடைசியில் ஷோ ஜம்பிங். நீண்ட வடிவப் போட்டிகளில் ஷோ ஜம்பிங்குக்கு முன் மருத்துவரும் நடுவர்களும் குதிரையை ஓடவிட்டுப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனையிலும் இதே கேள்விதான் இருக்கிறது. ஆகவே முதல்முறை போகிறவருக்கு நான் சொல்லும் இலக்கு பதக்கம் அன்று. மூன்றாம் நாள் ஷோ ஜம்பிங் களத்தில் காது நிமிர்ந்து நுழையும் குதிரை. இந்த இலக்குக்காக இத்தனை தூரம் போகத் தோன்றவில்லை, பரிசு கிடைத்தால்தான் பயணத்துக்கு அர்த்தம் என்று மனது சொன்னால், கடைசி ஐந்து தாள்களை எடுத்து, சென்ற ஆண்டு அதே பிரிவில் முதல் பத்து இடங்களின் புள்ளிகளோடு வைத்துப் பாருங்கள். பதில் அங்கேயே இருக்கும்.

ஒன்பதாம் படி: விலகும் நிபந்தனைகளை இப்போதே எழுதுங்கள்

ஆசை உச்சத்தில் இருக்கும்போது யாரும் நடுநிலையாக இருப்பதில்லை. அதனால் மனது அமைதியாக இருக்கும் ஒரு மாலையில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் பயிற்சியாளரிடம் ஒரு பிரதி கொடுங்கள். என்னுடைய தாளில் இருந்தவை இவை. கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசித் தேதியன்று குதிரை முழுப் பயிற்சியில் இல்லையென்றால் விலகல். புறப்படும் வாரத்தில் எந்தக் காலிலாவது புதிய சூடோ வீக்கமோ வந்து இரண்டு நாளில் போகாவிட்டால் விலகல். புறப்படும் நாள் காலை வெப்பநிலை வழக்கத்தைவிட அரைப் பாகைக்கு மேல் கூடியிருந்தால் வண்டியில் ஏற்றுவதில்லை. போய்ச் சேர்ந்து 24 மணி நேரத்தில் இயல்பான அளவுக்குத் தண்ணீர் குடிக்காவிட்டால் களமிறங்குவதில்லை. பாதையை நடந்த பிறகு ஒரு தடையை எப்படித் தாண்டுவது என்று எனக்கே விளங்காவிட்டால் டிரெஸ்ஸாஜோடு நிறுத்திக்கொள்வது.

கடைசியாக, மறுப்பதற்கு முழு உரிமை உள்ள ஒருவர் வேண்டும். காரணம் சொல்லாமலே "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர். என் விஷயத்தில் அவர் குதிரையைத் தினமும் தேய்த்து விடும் பராமரிப்பாளர். நான் பார்க்காததை அவர் கை பார்த்துவிடும்.

காகிதங்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். குதிரையின் அடையாள ஆவணம், தடுப்பூசிப் பதிவு, வழியிலுள்ள நிர்வாக எல்லைகள் கேட்கும் உடல்நலச் சான்றிதழ், ரத்தப் பரிசோதனை முடிவு. தடுப்பூசியில் தேதிகள்தான் கழுத்தைப் பிடிக்கும். சர்வதேச விதிப்படி, குதிரைச் சளிக்காய்ச்சல் ஊசி போட்டிக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய 6 மாதம் 21 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும். வந்து சேர்வதற்கு முந்தைய 7 நாளுக்குள் போட்டிருக்கவும் கூடாது. உங்கள் தேசிய விதி வேறாக இருக்கலாம், படித்துவிடுங்கள். குதிரை ஹெர்பிஸ் நோய் பரவுகிறது என்ற செய்தி எங்காவது அடிபட்டால் அமைப்பாளரை நேரடியாகக் கேளுங்கள். 2021இல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு போட்டி மைதானத்தில் தொடங்கிய தொற்றில் குதிரைகள் இறந்தன, ஐரோப்பாவில் போட்டிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன. அங்கே கற்ற பாடத்தால்தான் போட்டி லாயங்களில் வெப்பநிலையைத் தினமும் பதிவது இப்போது பரவலாகியிருக்கிறது. உங்கள் வாளி, உங்கள் துணி, உங்கள் தூரிகை. கடன் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

"வேண்டாம்" என்று முடிவானால்

அன்றே போட்டிச் செயலாளருக்கு எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் ஒருவர் உங்கள் லாய எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருப்பார். கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள், மருத்துவச் சான்றிதழ் இருந்தால் இணையுங்கள்.

அதே கடிதத்தில் இன்னொரு வரி சேர்க்கலாம்: தடை நடுவராகத் தொண்டு செய்ய வருகிறேன் என்று. ஒவ்வொரு கிராஸ் கன்ட்ரித் தடைக்கும் ஆள் வேண்டும். அமைப்பாளர்களுக்கு எப்போதும் ஆள் போதாது. முதல்முறை வருகிறவர்களுக்குக் காலையில் விளக்கிச் சொல்லி, தாளும் விசிலும் கொடுத்து ஒரு தடை அருகே உட்கார வைப்பார்கள். நான் திரும்பி வந்த அடுத்த ஆண்டு அப்படித்தான் போனேன். எனக்குக் கிடைத்தது நீர்த்தடை. ஒரு முழு நாள், குதிரைக்குப் பின் குதிரையாக அந்தக் கரைக்கு வந்து சேர்வதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தேன். நின்றுபோன குதிரைகளில் பல, கடைசி மூன்று தாவல்களில் சவாரிக்காரர் கண்களைத் தண்ணீருக்குள் தாழ்த்தியபோது நின்றன. மதியத்துக்குள் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதி நிரப்பிவிட்டேன். மடிக்கும் நாற்காலி, தொப்பி, இரண்டு பேனா எடுத்துப் போங்கள். ஒரு பேனா மழையில் எழுதாது.